கண்ணாடித் தொட்டியும் காட்டாறும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் முடியும் வாளும், கோட்டையும் கொத்தளமும் நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆனால் மனிதன் சென்ற இடங்களுக்கெல்லாம் தனியாகச் செல்லவில்லை. விதை நெல்லை முடிந்துகொண்டு சென்றான். ஆட்டையும் மாட்டையும் ஓட்டிச் சென்றான். மீனைக் குடத்திலும் கப்பலிலும் சுமந்து சென்றான். அவன் இடம் மாற்றி வைத்த உயிர்களின் கதையும் வரலாறுதான். அரசர்கள் மாறியதால் விளைந்த மாற்றங்கள் பல மறைந்துவிட்டன. மீன்கள் இடம் மாறியதால் விளைந்த மாற்றங்களோ இன்றும் நம் ஏரிகளில் நீந்திக்கொண்டிருக்கின்றன.

அவ்வகையில் இரண்டு மீனினங்களின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று கெளுத்தி இனம். மற்றொன்று சிக்லிட் இனம். மீசை போன்ற உணர்இழைகளும், செதிலற்ற வழவழப்பான உடலும் கொண்ட கெளுத்தியை நீங்கள் நன்கு அறிவீர்கள். சிக்லிட் என்னும் பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆயினும் சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையைக் காணாதவர் உங்களில் எவரும் இருக்கமாட்டார். பெயர் கெண்டையாயினும் அது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டு இனங்களையும் ஓய்வு பெற்றபின் என் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் வளர்த்து வருகிறேன். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்தத் தொட்டியும் ஒரு கரும்பலகையாகவே காட்சி தருகிறது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. ஆகவே நமக்குத் தெரிந்த மலையிலிருந்தே தொடங்குவோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே தினையும் சாமையும் விளைவித்து வாழ்ந்து வந்திருக்கின்றனர். அம்மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கோமுகி ஆறாகிறது. கச்சிராயபாளையத்தை அடுத்து அதனைத் தடுத்துக் கட்டிய கோமுகி அணையின் நீர்மட்டம் 46 அடி. அணையைக் கடந்த ஆறு மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாற்றைச் சேர்ந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலில் விழுகிறது.

இந்த நீர்வழியை நீங்கள் தேசப்படத்தில் விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். மேலே மலையோடையில் நீரின் வேகத்தைத் தாங்கிப் பாறையைப் பற்றிக்கொள்ளும் சிறு மீன்கள். நடுவே ஏரியிலும் வாய்க்காலிலும் சேற்றை நாடும் கெளுத்தியும் தேளியும். கீழே உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் கரிமீன். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குடி இருப்பதுபோல, ஒவ்வொரு நீருக்கும் ஒரு மீன் உண்டு. இது எவரும் வகுத்த ஏற்பாடு அன்று. எண்ணற்ற ஆண்டுகளில் தானாக அமைந்த ஏற்பாடு.

கரிமீன் என்று நான் குறிப்பிட்டது நம் நாட்டுக்கு உரிய சிக்லிட் மீனாகும். மலையாள நாட்டினர் விரும்பி உண்ணும் அதனைச் சோழமண்டலக் கரையில் செத்தகெண்டை என்றும் வழங்குவர். கரும்பச்சை உடலில் முத்துத் தெறித்தாற்போன்ற புள்ளிகள் உடையது. அதன் தம்பி என்று சொல்லத்தக்க வகையில் உள்ளங்கைக்குள் அடங்கும் பொன்னிறச் சிக்லிட் ஒன்றும், கருநாடகத்து ஆறுகளில் மட்டும் வாழும் மற்றொன்றும் சேர, இந்தியாவுக்கு இயல்பாக உரிய சிக்லிட் மீன்கள் மூன்றே. ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளிலோ இக்குடும்பத்து மீன்கள் நூற்றுக்கணக்கான வகைகளாகப் பெருகியுள்ளன. தென் அமெரிக்காவிலும் மிகப் பல வகைகள் உண்டு. கண்ணாடித் தொட்டிகளில் நீங்கள் காணும் ஏஞ்சல் மீனும் ஆஸ்கார் மீனும் அங்கிருந்து வந்தவை.

நம் கரிமீனுக்கு மிக நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது தெரியுமா? கடல் கடந்து மடகாஸ்கர் தீவில் இருக்கிறது! ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தன என்பது நிலவியலார் முடிபு. நிலம் பிரிந்தபோது மீன்களும் பிரிந்தன என்பர் ஒரு சாரார். பிற்காலத்தில் உப்புநீரைத் தாங்கிக் கடல்வழியே வந்தன என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. எப்படி வந்திருப்பினும், மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அவை இங்குக் குடியேறிவிட்டன என்பதில் ஐயமில்லை.

இனி, இம்மீன்கள் ஏட்டில் ஏறிய கதைக்கு வருவோம். மீனைக் குறித்து எழுதும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல், மீன் வகைகளையும், அவற்றுக்கு இடும் இரையையும், தூண்டிலிடும் பொழுதுபோக்கையும் விரித்துரைக்கிறது. ஆயினும் உலகமெங்கும் ஒரே பெயரால் ஓர் உயிரைச் சுட்டும் முறை, 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்தது. அம்முறையில் நம் மீன்கள் பெயர் பெற்ற இடம் தரங்கம்பாடி.

1620ஆம் ஆண்டு முதல் டேனிஷ்காரரின் துறைமுகமாக விளங்கிய தரங்கம்பாடிக்கு, 1771இல் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் வந்து சேர்ந்தார். பள்ளிகள் நடத்துவதில் ஆர்வம் மிகுந்த அவர், 1813இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். சோழமண்டலக் கரையின் சங்குகளையும் மீன்களையும் அவர் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். அம்மீன்களைப் பெற்றவர்களுள் தலையாயவர் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். 1723இல் பிறந்த பிளாக், தம் பெருநூலை 1782இல்தான் வெளியிடத் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்தபின் தொடங்கிய அப்பணி 1795 வரை தொடர்ந்து, 432 வண்ணப் படங்களோடு நிறைவு பெற்றது. ஊக்கத்துக்கு வயது ஒரு தடையன்று என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

1794இல் பிளாக் தரங்கம்பாடி மீன்கள் இரண்டுக்குப் பெயரிட்டார். ஒன்று உடலில் நீளக் கீற்றுகள் உடைய சிறு கெளுத்தி. அதற்குக் கீற்றுடையது என்னும் பொருளில் விட்டாட்டஸ் என்று பெயர் வைத்தார். மற்றொன்று நம் தேளி. அதற்கு ஃபாசிலிஸ் என்று பெயரிட்டார். தோண்டி எடுக்கப்படுவது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். ஏரி வற்றிய கோடையில் சேற்றைக் கிளறித் தேளி பிடித்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். கரிமீனுக்கு 1790இலும், பொன்னிறச் சிக்லிட்டுக்கு 1795இலும் பெயர் தந்தவரும் அவரே. தமக்கு மீன் அனுப்பிய ஜான் பாதிரியாரையும் பிளாக் மறக்கவில்லை. நாம் கத்தாழை என்று வழங்கும் கடல்மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரையே சூட்டினார்.

இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். பாதிரியார் பெயர் மீனில் நிலைத்தது. மருத்துவர் பெயர் நூலில் நிலைத்தது. வலை வீசி அம்மீன்களைப் பிடித்துக் கொடுத்த மீனவர் பெயர் எங்கும் இல்லை. எந்தப் பருவத்தில் எம்மீன் எங்கே கிடைக்கும், எதன் முள் கடுக்கும், எது சேற்றிலும் சாகாது என்பதையெல்லாம் அறிந்திருந்தவர் அவரே. எழுதி வைப்பவன் ஒருவன் இல்லாவிட்டால் எத்துணை அறிவும் காற்றோடு போய்விடும் என்னும் பாடத்தை வரலாறு நமக்கு இவ்வாறு கற்பிக்கிறது.

பெர்லினுக்குச் சென்ற மீன்கள் உயிரோடு செல்லவில்லை. மீனை உயிரோடு வீட்டினுள் வைத்துப் பார்க்கும் கலை அதன்பின் அரை நூற்றாண்டு கழித்தே ஐரோப்பாவில் உருவாயிற்று. 1832இல் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்ரே பவர் என்னும் அம்மையார், கடலுயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்து கையாண்டார். 1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலார் ராபர்ட் வாரிங்டன், தங்கமீனையும் நீர்க்கொடியையும் நத்தையையும் ஒரே கலத்தில் இட்டு நெடுநாள் வாழவைத்த செய்தியை வெளியிட்டார். செடி பிராணவாயுவைத் தரும். மீன் அதனை உட்கொள்ளும். அழுகும் இலையை நத்தை தின்னும். இந்த ஒழுங்கே அவருடைய கண்டுபிடிப்பு. 1853இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் பொதுமக்கள் பார்க்கும் மீன் மாளிகை திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி கோஸ் 1854இல் எழுதிய நூலுக்குப்பின் கண்ணாடித் தொட்டி வீடுதோறும் புகுந்தது.

நம் நாட்டில் அந்தப் பெருமை சென்னைக்கு உரியது. அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909இல் சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. கரைக்கு வந்து கடலை மட்டும் பார்த்துத் திரும்பிய மக்கள், கடலுக்குள் இருப்பதையும் பார்க்கலாயினர். இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில் அது மூடப்பட்டது. ஆனால் அது விதைத்த ஆர்வம் மூடப்படவில்லை. இன்று சென்னைக் கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் வண்ணமீன் வளர்ப்பிலும் வாணிகத்திலும் இந்தியா முழுவதும் பெயர் பெற்றுள்ளன.

இனி என் தொட்டியைப் பற்றிச் சிறிது கூறுவேன். அதன் நீளம் 5 அடி. அகலம் 2 அடி. உயரம் 2 அடி. பெருக்கிப் பார்த்தால் 20 கன அடி. கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் எனக் கொண்டால், விளிம்புவரை நிரப்ப 560 லிட்டர் நீர் வேண்டும். கல்லும் மணலும் நீங்கலாகவே அரை டன்னுக்கு மேற்பட்ட எடை! ஆகவே தொட்டி வாங்குமுன் அதைத் தாங்கும் தரையைப் பார்க்க வேண்டும். கரிமீன் சில, பொன்னிறச் சிக்லிட் சில, கீற்றுக் கெளுத்தி சில, தேளி இரண்டு ஆகியவையே என் குடிமக்கள். ஒன்றன் வாய்க்குள் மற்றொன்று புகாத அளவில் அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஏனெனில் கெளுத்தி இரவில் இரை தேடும் மீன். வாய்க்குள் அடங்குவதை எல்லாம் இரை என்றே கருதும்.

தொட்டியில் நம் கண்ணுக்குத் தெரியாத குடிகளும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த நுண்ணுயிர்களின் செயலை 1890ஆம் ஆண்டை ஒட்டி விளக்கியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் இவை குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீன்களைக் கூட்டமாக விட்டால் தெளிந்த நீரிலேயே அவை மடியும். எஞ்சும் நைட்ரேட்டை நீக்க, வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றி வருகிறேன். நீர் தெளிவாயிருப்பது வேறு. நலமாயிருப்பது வேறு என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

தேளியின் வாழ்வு ஒரு விந்தை. அதன் முதுகெலும்பின் இருபுறமும் நீண்ட காற்றுப்பைகள் உள்ளன. செவுள் போதாதபோது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். ஆகையால்தான் குட்டை வற்றினாலும் ஈரச்சேற்றில் உயிர் தாங்கிக் கிடக்கிறது. அதன் பக்கத் துடுப்பின் முள்ளில் நஞ்சு உண்டு, கையால் பிடிக்கலாகாது. வலையால் பிடித்தாலும் முள் வலையில் சிக்கி மீன் காயமுறும். வாயகன்ற கலத்தில் நீரோடு முகந்து எடுப்பதே முறை.

பொன்னிறச் சிக்லிட்டின் குடும்ப வாழ்வோ கல்நெஞ்சையும் கரைக்கும். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையைக் காக்கும், துடுப்பால் விசிறும், குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் கொழுநீரைக் கொத்தி உண்ணும். சிறிய பொன்னிற மீன்கள் கரிமீனின் உடலைக் கொத்தித் துப்புரவு செய்வதையும் 1972இல் ஆராய்ச்சியாளர் எழுதி வைத்தனர். ஒரே கழிமுகத்தில் நெடுங்காலம் உடன் வாழ்ந்தவற்றுக்கு இடையே இத்தகைய ஒப்பந்தங்கள் உண்டு.

ஆயினும் சிக்லிட் சாதுவன்று. ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் போன்றது. இந்தக் கல்லிலிருந்து அந்தச் சட்டி வரை என் எல்லை என்று வகுத்துக்கொண்டு, எல்லை தாண்டியவனைத் துரத்தும். ஏற்கெனவே எல்லை வகுத்த தொட்டியில் புதிய மீனை விட்டால் அது ஒதுங்க இடமின்றி அடிபட்டுச் சாகும். இதற்கு மீன் வளர்ப்போர் கண்ட உபாயம் ஒன்று உண்டு. புதியவனை விடுமுன் தொட்டியின் அமைப்பையே மாற்றிவிடுவர். பழைய அடையாளங்கள் மறைந்தவுடன் பழைய எல்லைகளும் மறைகின்றன, எல்லாரும் புதுக்குடிகளாகிவிடுகின்றனர், புதியவனுக்கும் ஒரு மூலை கிடைக்கிறது.

நானும் இவ்வாறு ஆண்டுக்கு ஓரிரு முறை மாற்றியமைப்பதுண்டு. முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கை வைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு நீரைத் தூய கலத்தில் எடுத்து வைத்து, அந்நீரிலேயே வடிகட்டியின் பஞ்சை அலசுகிறேன்; குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் நுண்ணுயிர்கள் மடிந்துபோம். மணல் முழுவதையும் ஒரே நாளில் கிளறுவதில்லை. கனத்த கற்களை மணல்மேல் வைக்காமல், அடித்தளத்தில் ஊன்றி அதன்பின் மணலைச் சேர்க்கிறேன். ஏனெனில் சிக்லிட் மணலைத் தோண்டும் மீன். அடி கரைந்தால் கல் சாய்ந்து கண்ணாடியை உடைக்கும். கெளுத்திக்கு உடைந்த மண்சட்டியும் கொட்டாங்கச்சியும் குகையாகின்றன. ஒருவர் பார்வையில் ஒருவர் படாதவாறு கற்களை இடையிட்டு நிறுத்திவிட்டு, அன்றிரவு விளக்கை அணைத்து வைக்கிறேன். காலையில் புதிய தேசப்படம் வரையப்பட்டிருக்கும்!

அமைப்பு பிடிக்கவில்லையா? மறு வாரம் மீண்டும் மாற்றலாம். பொருந்தாத மீனை வேறு தொட்டிக்கு எடுத்துவிடலாம். கண்ணாடித் தொட்டியின் பெருஞ்சிறப்பு இதுவே. அங்கே செய்ததைச் செய்யாததாக ஆக்க முடியும். ஆனால், நண்பர்களே, மனிதன் தொட்டியை மட்டுமா மாற்றியமைத்தான்? ஆற்றையும் ஏரியையும் மாற்றியமைத்தான். அங்கே செய்ததைத் திரும்பப் பெற முடிந்ததா? இக்கேள்விக்கு விடை சொல்லவே இத்துணை நேரம் பேசினேன்.

1852இல் பெர்லின் அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ், மொசாம்பிக் நாட்டு ஆற்றுமீன் ஒன்றுக்குப் பெயரிட்டார். அதுவே திலேப்பியா எனப்படும் நம் ஜிலேபிக் கெண்டை. அம்மீன் எப்படியோ ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவாத் தீவை அடைந்து, 1930களின் இறுதியில் அங்கே காணப்பட்டது. அங்கிருந்து ஆசிய நாடுகள் பலவற்றுக்குப் பரவியது. பீட்டர்ஸ் பெயரிட்டுச் சரியாக நூறாண்டு கழித்து, 1952இல், பாங்காக்கிலிருந்து நம் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

கொண்டுவந்தவர்களை நாம் பழிக்கலாகாது. விடுதலை பெற்ற சில ஆண்டுகளே ஆன நாடு; உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். எந்நீரிலும் வாழ்ந்து, எதையும் தின்று, விரைவில் பெருகும் மீன் ஏழைக்கு உணவாகும் என்று நல்லெண்ணத்தோடு எண்ணினர். பெருகியது உண்மை. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கிறது. சில மாத வயதிலேயே மீண்டும் மீண்டும் இனம் பெருக்குகிறது. குளம் நிறைந்து இரை குறைந்தபோது மீன்கள் விரற்கடை அளவில் குன்றி நின்றன. நாட்டு மீன்களுக்கு இடமும் இரையும் குறைந்தன. 1959இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. ஏழே ஆண்டுகள்! ஆனால் தடை காகிதத்தில் இருந்தது. மீனோ தண்ணீரில் இருந்தது. அமராவதி நீர்த்தேக்கத்தில் அது தலையான மீனாகவே ஆகிவிட்டது. இன்று அது பலருக்கு மலிவான உணவாக இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதனை வேண்டாம் என்று ஓர் ஊர் கூடி முடிவு செய்தாலும் ஏரியிலிருந்து திரும்ப அனுப்ப வழியில்லை.

கெளுத்தி இனத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசின் ஒப்புதலின்றி நாட்டுக்குள் புகுந்தது. காற்றைச் சுவாசிக்கும், ஈரநிலத்தில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குச் செல்லும், சிறு மீன், தவளை எதையும் விடாது விழுங்கும். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அதன் வளர்ப்பைத் தடை செய்தது. ஆயினும் வெள்ளக் காலத்தில் கரை உடைந்து தப்பிய மீனுக்குச் சட்டம் தெரியாது. தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தியோ தொட்டியின் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படுகிறது. விரல் நீளத்தில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளர்ந்தவுடன், வைத்திருக்க இடமில்லாதவர் இரக்கப்பட்டு அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். அந்த இரக்கத்தின் பயனாகத் தமிழ்நாட்டு நீர்நிலைகள் சிலவற்றில் அது கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகி, மீனவர் வலையைக் கிழித்து வருகிறது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்லிட் மீன்கள் பல நூறு வகைகளாக வாழ்ந்தன. 1950களில் நைல் பெர்ச் என்னும் பெரிய ஊனுண்ணி மீன் அங்கே விடப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் மிகப் பல வகைகள் அந்த ஏரியிலிருந்து மறைந்தன. அவற்றுள் சில வகைகளை இன்று உயிரோடு காண வேண்டுமாயின், உயிர்க்காட்சிசாலைகளிலும் ஆர்வலர் வீடுகளிலும் உள்ள கண்ணாடித் தொட்டிகளில்தான் காண முடியும். ஏரி கைவிட்டதைத் தொட்டி காத்தது. மீன் வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கு என்று எள்ளுவோர்க்கு இதுவே விடையாகும். ஆனால் இது பெருமைப்படத் தக்க செய்தியா, நாணத் தக்க செய்தியா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மீன் வளர்க்க விரும்பும் மாணவர்களுக்கு மூன்று சொற்கள் கூறுவேன். முதலாவது: வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டு அறியாமல் எம்மீனையும் வாங்காதீர்கள். இரண்டாவது: தொட்டியில் வளர்த்த மீனை எக்காரணத்தைக் கொண்டும் ஏரியிலோ ஆற்றிலோ கிணற்றிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது வளர்ப்பவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். மலையடிவாரத்தில் ஓர் ஓடையில் விட்ட ஒரு சோடி மீன், ஒரு பருவமழைக்குள் அணையை அடையலாம். அணையைத் தாண்டினால் பரங்கிப்பேட்டை வரை அதற்குச் சாலை திறந்திருக்கிறது.

மூன்றாவது சொல் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் கூறுவது. கோமுகிக் கரையிலும் கல்வராயன் மலையோடைகளிலும் மீன் பிடித்து வாழ்ந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். தாங்கள் சிறுவராயிருந்தபோது எந்த மடுவில் எந்த மீன் கிடைத்தது, அதற்கு என்ன பெயர், எந்த ஆண்டு முதல் அது அருகிப் போயிற்று என்று அவர்களால் சொல்ல முடியும். அவர்களைத் தேடிச் செல்லுங்கள். மரியாதையோடு கேளுங்கள். ஒரு கோடிட்ட நோட்டில் மீனின் பெயரையும், சொன்னவர் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதி வையுங்கள். தரங்கம்பாடியில் வலை வீசியவர் பெயரை எழுதாமல் விட்ட குறையை நம் ஆற்றங்கரையிலாவது நீங்கள் நீக்கலாம். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை; பென்சிலும் பொறுமையும் போதும்.

கண்ணாடித் தொட்டியை விரும்பியபோதெல்லாம் மாற்றியமையுங்கள். அது உங்கள் உரிமை. காட்டாற்றை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அது உங்கள் கடமை.